ஏறாநாள் நல்வாழ்த்துகள்

நாட்டில் மொத்தம் எத்தனை பண்டிகை என்று கேட்டால் மற்றவர்கள் காலண்டரைப் புரட்டுவார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஒருவனுக்கு மட்டும் லிஃப்ட் குழிதான் ஞாபகத்துக்கு வரும்.

எந்தக் கட்டடமானாலும் லிஃப்டுக்கு அடியில், தரைத்தளத்துக்கும் கீழே, ஓர் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி உண்டு. மேலே மனிதர்கள் எதைக் கொண்டாடினாலும் அதில் கொஞ்சம் கதவு இடுக்கு வழியாக அங்கே வந்து விழும். புதுத்துணிப் பண்டிகைக்கு மறுநாள் குழியில் விலைச்சீட்டும், சட்டைக் காலரில் குத்தியிருந்த குண்டூசியும் கிடக்கும். அறுவடைப் பண்டிகைக்கு வைக்கோல். ஆற்றுக்கு நன்றி சொல்கிற பண்டிகையில் ஆளாளுக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவார்கள். அதில் பாதி ஆற்றை மறந்துவிட்டு சுவிட்ச் போர்டைத் தேடிப் போய்விடும். பகலெல்லாம் வாயைக் கட்டுகிற பண்டிகையில் லிஃப்ட் பகல் முழுக்கத் தூங்கும். பொழுது சாய்ந்ததும், எட்டுப் பேர் ஏறவேண்டிய பெட்டியில் அதைப்போல ஒன்றரை மடங்கு ஆட்களும் ஓர் அண்டா சோறும் ஏறும். நிலா பார்க்கிற பண்டிகைக்கு சோபாவையே மொட்டைமாடிக்கு எடுத்துப் போவார்கள். சோபா பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். நிலா யாருக்காகவும் காத்திருக்காது.

அவனுக்குப் பிடித்த பண்டிகை ஒன்றே ஒன்றுதான், முன்னோர் நாள். அன்றைக்கு மட்டும் இறந்துபோன தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து லிஃப்டில் இடம் விட்டு நிற்பார்கள். வருஷத்தில் லிஃப்ட் பழுதாகாத ஒரே விசேஷம் அதுதான்.

“செத்தவங்களுக்குக் குடுக்கிற மரியாதைய ஓவர்லோடு மணிக்கும் கொஞ்சம் குடுத்தா நான் வீட்ல இருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே பழுது பார்ப்பான்.

உள்ளே சிக்கியிருக்கிறவர்கள் நல்லவர்கள். கதவை நாலு விரல் அளவு திறந்ததுமே அந்த இடுக்கு வழியாக இனிப்பு நீட்டுவார்கள். “தம்பி, மொதல்ல வாய இனிப்பாக்குங்க. அப்புறம் எங்கள வெளிய எடுக்கலாம்.” நாட்டிலுள்ள அத்தனை இனிப்புகளையும் மசகெண்ணெய் வாசனையோடு தின்றவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

எல்லாப் பண்டிகைக்கும் அவனே வேலைக்குப் போக நேர்ந்ததற்குக் காரணம் அவனுடைய மேனேஜர். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் அந்தக் கிளையில் மூன்று அறை, ஒரு கழிப்பறை, ஒரு மேனேஜர். அவர் தலைமை அலுவலகத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய், ஒரு டீ கப்போடும் ‘பன்முகத்தன்மை’ என்ற சொல்லோடும் திரும்பி வந்தார். டீ கப் ஒரே வாரத்தில் உடைந்தது. சொல் உடையவில்லை. ‘ஒருவருக்கு ஒரு பண்டிகை’ என்று அவர் ஒரு சட்டம் போட்டார். அவரவர் சொந்தப் பண்டிகைக்கு அவரவருக்கு லீவு. அன்றைக்குச் சொந்தப் பண்டிகை இல்லாதவர்கள் வேலைக்கு வரவேண்டும்.

மெக்கானிக்குக்குச் சொந்தப் பண்டிகை என்று ஒன்று இல்லை. அவனுடைய அப்பா ஒரு பக்கத்து ஆள், அம்மா இன்னொரு பக்கத்து ஆள். இரண்டு வீட்டையும் மீறிச் செய்துகொண்ட கல்யாணம். அப்பா வீட்டில் ‘அவங்க பண்டிகைய அங்கயே போய்க் கொண்டாடு’ என்றார்கள். அம்மா வீட்டிலும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னார்கள். இரு குடும்பமும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதனால் வீட்டில் எந்தப் பண்டிகையும் வராமலே பையன் வளர்ந்துவிட்டான்.

அவனுடன் வேலை செய்கிறவனுக்கு கிரீஸ் என்று பெயர். அவன் கையை யாரும் அதன் சொந்த நிறத்தில் பார்த்ததில்லை. கிரீஸுக்குப் பண்டிகைப் பஞ்சமே கிடையாது. சட்டப்படி ஒரு பண்டிகைக்கு லீவு எடுப்பான், மீதிக்கெல்லாம் வயிற்றுவலி எடுப்பான். அந்த நாட்களிலெல்லாம் வேலைக்கு மெக்கானிக்தான் போவான்.

இப்படியே போயிருக்கும், கல்யாணம் ஆகாமலிருந்தால்.

மெக்கானிக்கின் மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். வாரத்தில் புதன்கிழமை மட்டும் அவளுக்கு விடுமுறை. இருவரும் குடியிருந்தது ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் குடியிருக்கிற சம்பளம் லிஃப்டைப் பழுது பார்க்கிறவனுக்குக் கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் அவன் சட்டையிலிருந்து காகிதப்பூவை உதறிக்கொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

“ஏங்க, எதிர்வீட்டுக்காரங்க கேக்குறாங்க.”

“என்னன்னு?”

“நமக்கு என்ன பண்டிகைன்னு. நான் என்னன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரர் கதவு இடுக்குல இனிப்பு வாங்கித் தின்பார், அதுதான் எங்க பண்டிகைன்னு சொல்லட்டா?”

“சொல்லேன். அதுல என்ன பொய் இருக்கு?”

அவள் சிரிக்கவில்லை. “எங்க அக்கா வீட்டுக்குப் போனா பண்டிகை இருக்கு, நீங்க இல்ல. இங்க இருந்தா பண்டிகையும் இல்ல, நீங்களும் இல்ல. கதவப் பூட்டிக்கிட்டு, மத்தவங்க குடுத்த பலகாரத்தத் தனியா உக்காந்து தின்னு எனக்கு அலுத்துப்போச்சு. வருஷத்துல ஒரு நாள். எந்த நாளுன்னு நீங்களே சொல்லுங்க. பண்டிகைன்னு பேர் வச்சு அன்னைக்கு நீங்க வீட்ல இருக்கணும், ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடணும்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா வர்ற ஒவ்வொரு பண்டிகைக்கும் நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.”

அவன் மனசுக்குள் குழியைப் புரட்டிப் பார்த்தான். நாட்டில் வருகிற பண்டிகைக்கெல்லாம் அவள் கிளம்பினால் வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டாள். மீதிப் பாதி நாள் பஸ்ஸில் இருப்பாள்.

மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

“சார், ஒரு நாள் லீவு வேணும்.”

“என்ன, உடம்புக்கா?”

“பண்டிகை சார்.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். “யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“உனக்குத்தான் ஒண்ணும் கிடையாதே.”

“இருந்துச்சு சார். வெளிய சொல்லிக்கிட்டதில்ல.”

மேனேஜரின் முகம் இளகிவிட்டது. இந்த மாதிரி ஓர் ஆளைப் பற்றிப் பயிற்சியில் தனியாக ஒரு மணி நேரம் பாடமே எடுத்திருந்தார்கள். “அடப்பாவி, இத்தன வருஷமா மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா இருந்த? உக்காரு. என்ன பண்டிகை?”

இந்தக் கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பார்க்கவில்லை. கண் மேனேஜரின் தலைக்குமேல் போனது. அங்கே சுவரில், ‘லிஃப்ட் இயங்காதபோது படியில் ஏறவும்’ என்ற கம்பெனி அட்டை தொங்கியது.

“ஏறாநாள்” என்றான்.

“ஏறாநாள்.” மேனேஜர் கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தார். “பழைய பேரு மாதிரி இருக்கே.”

“ரொம்பப் பழசு சார்.”

“என்ன செய்வீங்க அன்னைக்கு?”

“ஒண்ணும் செய்ய மாட்டோம் சார். அதுதான் விசேஷமே. காலையில எந்த மாடியில கண்ணு முழிக்கிறோமோ, பொழுது சாயற வரைக்கும் அந்த மாடியிலயே இருக்கணும். ஏறக் கூடாது, இறங்கக் கூடாது.” சொல்லச் சொல்ல அது அவனுக்கே பிடித்துப்போயிற்று. யாரும் ஏறாவிட்டால் லிஃப்ட் சிக்காது. லிஃப்ட் சிக்காவிட்டால் போன் வராது. நாட்டிலேயே ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்காக ஏற்பட்ட ஒரே பண்டிகை அது.

“ஏன் ஏறக் கூடாது?”

“அது அப்படித்தான் சார்.”

அதைவிட நம்பும்படியான காரணம் உலகத்தில் எந்தப் பண்டிகைக்கும் இருந்ததில்லை. மேனேஜர் தலையாட்டினார். மூலையில் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்த கிரீஸ் மட்டும் துடைப்பதை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்த்தான்.

“எப்ப வருது?”

“அடுத்த மாசம், ரெண்டாவது புதன்.” மனைவியின் விடுமுறை.

லீவு கிடைத்தது. மேனேஜர் கைகொடுத்தார். தோளைத் தட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். அன்று மாலையே, கம்பெனி பராமரிக்கிற அத்தனை கட்டடங்களுக்கும், ‘நமது ஊழியர் ஒருவரின் தொன்மையான திருநாளை முன்னிட்டு’ என்று தொடங்கி, பண்டிகையின் விதிகளையும் சொல்லி, ‘ஏறாநாள் நல்வாழ்த்துகள்’ என்று முடிகிற ஒரு வாழ்த்துச் செய்தி போய்விட்டது.

வெளியே வந்ததும் கிரீஸ் பிடித்துக்கொண்டான். “மச்சான், எனக்கும் ஒண்ணு கண்டுபிடிச்சுக் குடேன். வயித்துவலி இப்பல்லாம் எடுபடல.”

அந்த வாழ்த்தைப் படித்தவர்களில் ஒருவர் பல் டாக்டர். நகரத்திலேயே பெரிய ஒன்பது மாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் அவருடைய கிளினிக், ஒன்பதாவது மாடியில் வீடு. குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். யாருமே தேர்ந்தெடுக்கவில்லை, வாயைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிறவர்கள் மறுத்துப் பேச முடியாது என்பதால் அப்படியே அமைந்துவிட்டது. அடுத்த வாரம் மெக்கானிக் கதவு சென்சாரைச் சரிபார்க்கப் போனபோது டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார்.

“ஏறாநாள் உங்க பண்டிகையா?”

“ஆமா டாக்டர்.”

“எந்தக் கிளை நீங்க?”

“இந்த ஊர்க் கிளைதான் டாக்டர். கம்பெனி பேரு சட்டையிலயே இருக்கே.”

“அதக் கேக்கல. ஏறாநாள்ல ரெண்டு கிளை உண்டு. எங்க அத்தை வீட்டு வழியில இது இருந்திருக்கு. சின்ன வயசுல கேட்டிருக்கேன்.”

மெக்கானிக் கையிலிருந்த சென்சாரை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு தப்பு நடந்திருக்கு” என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார், சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்தவர் போல. “பொழுது சாயற வரைக்கும்னு போட்டிருக்கீங்க. அது இல்ல. மறுநாள் விடியிற வரைக்கும்.”

தன் பொய்யில் இன்னொருவர் திருத்தம் போடும்போது மனுஷனுக்கு இப்படிக் கோபம் வரும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. “எங்க வீட்ல பொழுது சாயற வரைக்கும்தான் டாக்டர்” என்றான், உண்மையாகவே ரோஷப்பட்டு.

“தேஞ்சு போயிருக்கும். உங்க மேல தப்பில்ல. பெத்தவங்க சரியா சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. புதன்கிழமை ஏன்னாவது தெரியுமா?”

“சொல்லுங்க டாக்டர்.” அதை அவனும் தெரிந்துகொள்ள விரும்பினான்.

“வாரத்துக்கு நடுவுல இருக்கிற நாள். மேலயும் இல்ல, கீழயும் இல்ல.”

மெக்கானிக் சென்சாரைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு, கழற்றித் திரும்பப் பொருத்தினான். தான் சொன்னது பொய்தானா என்று முதல்தடவையாக அவனுக்கே சந்தேகம் வந்தது.

டாக்டரின் குடியிருப்பு ஏறாநாள் கொண்டாடப்போகிறது என்று தெரிந்ததும், எதிர்க் குடியிருப்பு சும்மா இருக்குமா? அவர்கள் ஏறாநாளுக்கு வரவேற்பு வளைவே கட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு ஏணி போட்டு ஏறியாக வேண்டும் என்பதால் அதை முதல்நாளே முடித்துவிட ஏற்பாடு. துணிக்கடைக்காரர் ‘அசையாத தள்ளுபடி’ அறிவித்தார். மெக்கானிக்கின் வீட்டுச் சொந்தக்காரியான, தரைத்தளத்தில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா, பல் செட்டை இறுக்கிக்கொள்ள டாக்டரிடம் போய்வந்தவர், பல் செட்டோடு பண்டிகையையும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

“உன் பண்டிகையால கம்பெனிக்கே பண்டிகைப்பா. டாக்டர் ஒரு யோசனை சொல்லியிருக்கார். அன்னைக்கு யாரும் லிஃப்டுல ஏறப்போறதில்ல. அப்ப வருஷாந்திர சர்வீஸ அன்னைக்கே முடிச்சுட்டா யாருக்கும் இடைஞ்சல் இல்ல பாரு. ஒருத்தர் கேட்டார், எல்லாக் கட்டடமும் கேட்டுட்டாங்க.”

மெக்கானிக்குக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டான். “சார், அன்னைக்கு எனக்கு லீவு.”

“லீவு இருக்கு. அதுல நான் கையே வைக்கல. பன்முகத்தன்மையில கை வைக்கிற ஆளா நான்? லீவுல இருந்துக்கிட்டே வந்து வேலையப் பாரு.”

“நான் ஏறக் கூடாதே சார்.”

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். லிஃப்ட் மேல நின்னுக்கிட்டுப் போனா ஏறுறது நீ இல்லையாம், லிஃப்டுதானாம். உன் மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் காலத்துலயே விலக்கு இருக்காம்.”

“அந்தக் காலத்துல ஏது சார் லிஃப்ட்?”

“அதையும் கேட்டேன். அப்ப கிணத்து ராட்டினக்காரங்களுக்கு இருந்துச்சாம்.”

டாக்டர் இன்னொன்றும் கேட்டிருந்தார். சர்வீஸ் முடிந்ததும், விளக்கேற்றுகிற நேரத்தோடு லிஃப்டுகள் தானாக நின்றுவிட வேண்டும். விடிந்த பிறகுதான் ஓட வேண்டும். ராத்திரியில் யாராவது ஆசைப்பட்டு ஏறித் தொலைத்தால் பண்டிகை கெட்டுப்போகும். அதற்கு ஒரு டைமர் வைத்துவிட வேண்டியது.

வீட்டில் சொன்னபோது மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “பொய் சொல்றதையாவது உருப்படியா சொல்லத் தெரியுதா உங்களுக்கு?” என்றாள். “உக்காந்து தின்ற பண்டிகைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.”

“பொழுதுக்குள்ள வந்துடறேன். ராத்திரிச் சாப்பாடு ரெண்டு பேரும் சேர்ந்து.”

“வந்தா சரி. வரலேன்னா வியாழக்கிழமை காலையில பஸ்.”

புதன்கிழமை விடிவதற்குள் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிப் போனான். அன்றைக்கு நாள் முழுக்க நகரத்தில் ஏறி இறங்கிய ஒரே ஜீவன் அவன்தான் என்று சொல்ல முடியாது, கிரீஸும் இருந்தான். ஆனால் கிரீஸுக்கு அது பண்டிகை இல்லை. அதனால் யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக்கைத்தான் சொன்னார்கள். டாக்டரின் குடியிருப்பில் லிஃப்ட் கூரைமேல் நின்றபடி மாடி மாடியாகப் போய்க் கதவைத் திறந்து தடத்தைத் துடைக்கும்போது, ஒவ்வொரு திறப்பிலும் ஒரு நடைகூடம் தெரிந்தது. எதிரெதிர் வீட்டில் வருஷக்கணக்காகக் குடியிருந்தும் பேர் தெரியாதவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து சீட்டாடினார்கள். ஐந்தாவது மாடியில் ஒருவர் ஹார்மோனியத்தை வெளியே எடுத்துவந்து, இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து திட்டிய ஆளுக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் தாளம் போட்டார். போவதற்கு இடமில்லாததால் யாருக்கும் அவசரமில்லை. மெக்கானிக் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். தான் வைத்த பண்டிகை நன்றாகத்தான் இருந்தது. தான் அதில் இல்லை, அவ்வளவுதான்.

ஏழாவது மாடியில் ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், தாழ்ந்த குரலில், ஆனால் லிஃப்ட் குழிக்குள் எல்லாக் குரலும் எதிரொலிக்கும்: “இவங்க பண்டிகைதானாம். அவரே ஏறி இறங்கிட்டிருக்கார் பாருங்க. காசுன்னா சொந்தப் பண்டிகையக்கூட விட்டுருவாங்க போல.”

“இனிப்பு குடுக்கலாமா?”

“விரதமா இருந்தாலும் இருப்பார். எதுக்கு வம்பு.”

அன்றைக்கு அவனுக்குக் கதவு இடுக்கில்கூட இனிப்பு கிடைக்கவில்லை. டாக்டர் மட்டும் தரைத்தளத்தில், முந்தின ராத்திரியே கிளினிக் நாற்காலியில் படுத்து அங்கேயே கண்விழித்தவர் என்ற பெருமையோடு, தோட்டத்தில் நாற்காலி போட்டு ஏறாநாளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் மெக்கானிக் கேள்விப்படாத ஒரு ராஜாவும் வந்தார்.

டைமரையும் வைத்துவிட்டு, மற்ற கட்டடங்களையும் முடித்துக்கொண்டு அவன் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. நேரத்துக்கு வந்துவிட்டான். சந்தோஷமாக முதல் படியில் காலை வைத்தான்.

“தம்பி.”

வீட்டுக்கார அம்மா படிக்கட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கால எடுங்க தம்பி.”

“வீட்டுக்குப் போறேம்மா.”

“காலையில கீழ வந்த ஆளு, விடியிற வரைக்கும் கீழதான். உங்க பண்டிகைய நானா உங்களுக்குச் சொல்லணும்?”

“எங்க கிளையில பொழுது சாயற வரைக்கும்தாம்மா.”

“டாக்டர் எல்லாம் சொன்னார். உங்க கிளை தேஞ்சு போச்சாமே. என் கட்டடத்துல நான் தேய விட மாட்டேன்.”

மேலேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் அவள் முகமும், அவளுக்கு இரண்டு பக்கமும் எதிர்வீட்டுக்காரர்கள் முகமும் வரிசையாகத் தெரிந்தன. அவள் புதுப் புடவை கட்டியிருந்தாள். காலையிலிருந்து அந்த மாடி முழுக்க அவளைத்தான் நடுவில் உட்கார வைத்துக் கொண்டாடியிருந்தது. பண்டிகைக்குச் சொந்தக்கார வீட்டு மருமகள் அவள்தானே.

“ஏங்க, வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன். ஏற விட மாட்டேங்குறாங்க.”

“யாரு?”

“நான்தான்” என்றான் அவன், களைத்துப்போய்.

கொஞ்ச நேரத்தில் காய்கறி ஏற்றி இறக்குகிற வாளி கயிற்றில் ஆடிக்கொண்டே இறங்கி வந்தது. உள்ளே தட்டு, சோறு, குழம்பு, மேலே மூடியாக இன்னொரு தட்டு. வாளி இறங்கலாமா என்று வீட்டுக்கார அம்மா சற்று யோசித்தார். வாளி கண் விழிப்பதில்லை என்பதால் விட்டுவிட்டார்.

அவன் முதல் படியிலேயே உட்கார்ந்து தட்டைத் திறந்தபோது போன் அடித்தது. மறுமுனையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

“நான் டாக்டர் பேசுறேன். மெதுவா பேசுங்க.”

“நான் பேசவே இல்லையே டாக்டர்.”

“லிஃப்டுல இருக்கேன். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல. திடீர்னு நின்னுபோச்சு.”

மெக்கானிக் சோற்றிலிருந்து கையை எடுத்தான். “டைமர் டாக்டர். நீங்க சொல்லித்தான் வச்சேன்.”

“தெரியும். நேரத்த மறந்துட்டேன்.” கிசுகிசுப்பு இன்னும் தாழ்ந்தது. “அந்த நாற்காலியில இன்னொரு ராத்திரி படுக்க முதுகு தாங்காது தம்பி. வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. சத்தமில்லாம வந்து எடுத்துவிடுங்க.”

“மொட்டைமாடி மோட்டார் ரூமுக்குப் போய் பிரேக்க விடணும் டாக்டர். லிஃப்ட் ஓடாது. ஒன்பது மாடியும் படியிலதான் ஏறிப் போகணும். எல்லாரும் நடைகூடத்துலதான உக்காந்திருப்பாங்க. என்ன ஏதுன்னு கேப்பாங்களே.”

மெக்கானிக்கே தொடர்ந்தான்.

“அதுவுமில்லாம நான் ஏறக் கூடாது. விடியிற வரைக்கும்.”

“உங்களுக்குத்தான் விலக்கு இருக்கே.”

“லிஃப்ட் மேல நின்னாத்தான் விலக்கு. படிக்கு இல்ல. நீங்க சொன்னதுதான்.”

“ஆபத்துக்கும் விலக்கு உண்டு” என்றார் டாக்டர் அவசரமாக. “இப்ப ஞாபகம் வருது. அத்தை சொல்லியிருக்காங்க.”

மெக்கானிக்குக்கு ஒரு யோசனை தோன்றியது. போனை வீட்டுக்கார அம்மாவிடம் நீட்டினான். “டாக்டர்மா. எனக்கு விலக்கு குடுக்குறார். கேளுங்க.”

அம்மா போனை வாங்கிக் காதில் வைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“விலக்காம். யாரு குடுக்குறது, யாரு வாங்குறது? சொன்னவரே நடுவழியில தொங்குறாராம். பண்டிகை உங்களுது தம்பி. டாக்டரே சொன்னாலும் நீங்க விட்டுக் குடுக்கக் கூடாது.”

மதம் ஸ்தாபித்தவரையும் அதைத் திருத்தியவரையும் ஒரே மூச்சில் தாண்டிப் போனவர் முன்னால் இனி என்ன பேசுவது? மெக்கானிக் கிரீஸைக் கூப்பிட்டான்.

“மச்சான், சாப்பிட உக்காந்துட்டேன்டா” என்றான் கிரீஸ்.

“இன்னைக்கு உனக்குப் பண்டிகையா?”

“இல்ல.”

“வயித்துவலியா?”

கொஞ்சம் யோசனை. “...இல்ல.”

“பண்டிகை இல்லாத ஆளுதான் ட்யூட்டி. எனக்கு இன்னைக்குப் பண்டிகை.” இத்தனை வருஷமாக மற்றவர்கள் தன்னிடம் சொன்ன வாக்கியத்தைத் தன் வாயால் சொல்வது, அவன் அதுவரை தின்ற எல்லா இனிப்பையும்விட நன்றாக இருந்தது. “போற வழியில ஏழாவது மாடியில ஓர் அம்மா எங்க போறேன்னு கேப்பாங்க. பொய் சொல்லாத. நல்ல நாளு.”

போனை வைத்துவிட்டு மேலே பார்த்தான். கைப்பிடிச் சுவரில் எதிர்வீட்டுக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். மனைவியைக் காணோம். வியாழக்கிழமை பஸ்ஸுக்குத் துணி எடுத்து வைக்கப் போயிருப்பாள் என்று நினைத்தான். தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் தன் தட்டோடு அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள், புதுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடு மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை வழிவிடச் சொல்லிக்கொண்டு.

வீட்டுக்கார அம்மா எழுந்தே விட்டார். “என்னம்மா இது, இறங்கி வர்றே? இன்னைக்கு என்ன நாளு?”

“புதன்கிழமைங்க.”

“ஏறாநாள்.”

“அது அவருக்கு” என்றாள் மனைவி. “எனக்குப் பண்டிகை எங்க அக்கா வீட்ல. ஒருத்தருக்கு ஒரு பண்டிகைதானே. இது அவங்க ஆளுங்க பண்டிகை. நான் வேற ஆளு.”

வீட்டுக்கார அம்மா வாயைத் திறந்தார். பல் செட் பதில் தேடியது. அவரும் வேற ஆள்தான் என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை வேறு பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மனைவி அதே படியில் அவனுக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் தட்டிலிருந்த குழம்பில் கொஞ்சம் எடுத்துத் தன் தட்டில் ஊற்றிக்கொண்டாள்.

“காலையில பஸ்ஸா?” என்றான் அவன்.

“சாப்பிடுங்க.” இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அவளே சொன்னாள்: “அடுத்த வருஷம் பொழுது சாயற வரைக்கும்னு மட்டும் வையுங்க. வாளியில குழம்பு சிந்துது.”